பாகூர்ப் பதிவேடு



என் தாயார் தாம் பிறந்த ஊரைச் சொல்லும் விதம் தனியானது. "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாரேனும் கேட்டால், "பாகூர் கொம்யூன்" என்றே விடையளிப்பார். பாகூர் என்று மட்டும் சொல்லி நிறுத்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிறுவனாயிருந்தபோது, கொம்யூன் என்பது அவ்வூர்ப் பெயரின் பிற்பகுதி என்றே எண்ணியிருந்தேன். இன்னொரு சொல்லும் என்னைக் குழப்பியது. தாம் பிறந்த மறுநாளே தம் தகப்பனார் "மேரிக்குப் போய்" எழுதி வைத்துவிட்டு வந்தார் என்று அம்மா பெருமையோடு சொல்வார். என் தாத்தா கிறிஸ்தவர் அல்லர். அப்படியிருக்க அவர் ஏன் மரியாளிடம் போனார் என்பது பல ஆண்டுகள் எனக்கு விளங்காத இரகசியமாயிருந்தது. மேரி என்பது பிரெஞ்சு மொழியில் நகராட்சி அலுவலகத்தின் பெயர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து மீண்டும் எழுப்பப்பட்ட பழைய நகராட்சிக் கட்டடத்தை அங்குள்ளோர் இன்றும் மேரி என்றே அழைக்கின்றனர்.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவுறுகிறது. குடும்ப ஆவணம் ஒன்றுக்காக அவருடைய பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. ஆகவே சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலையில் திருவான்மியூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரி சென்று, அங்கிருந்து பாகூருக்குப் போனேன். அந்தப் பயணத்தில் கண்டதையும், அது என் மனச்சாட்சியில் எழுப்பிய ஒரு பழைய குற்றத்தையும் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புதுச்சேரி என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது கடற்கரையும், மஞ்சள் சுவர் வீடுகளும்தாம். (சிலர்க்கு வேறு சிலவும் நினைவுக்கு வரும், அதை நான் இங்கே விரிக்கப்போவதில்லை.) ஆனால் பிரெஞ்சு இந்தியா என்பது ஒரு நகரம் அன்று. வயல்களும் ஏரிகளும் கொண்ட சிற்றூர்கள் அதன் பெரும்பகுதி. அவையும் ஒரே நிலப்பரப்பாய் அமையவில்லை. கிழிந்த துணியில் இட்ட ஒட்டுகள் போல, இன்றைய கடலூர், விழுப்புரம் மாவட்டங்களினூடே துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடந்தன. இன்றும் அப்படித்தான். பேருந்து போய்க்கொண்டிருக்கும்போதே தமிழ்நாடு முடியும், புதுச்சேரி தொடங்கும், சிறிது தூரத்தில் மறுபடியும் தமிழ்நாடு வரும். எல்லையை அறிவிப்பவை பலகைகளைவிட மதுக்கடைகளே. தெற்கே காரைக்கால், மலையாளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம், வங்கத்தில் சந்திரநாகூர் என்று மற்றப் பகுதிகள் வெகு தொலைவில் இருந்தன.

இத்துண்டு நிலங்களைப் பிரெஞ்சு அரசு 1880ஆம் ஆண்டின் ஆணையொன்றால் தன் நாட்டின் முறைப்படியே கொம்யூன்களாகப் பிரித்தது. தொடக்கத்தில் பத்து கொம்யூன்கள் இருந்தன. 1907இல் அவை பதினேழாயின. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு: புதுச்சேரி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம். காரைக்கால் பகுதியில் ஆறு. மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவை தலைக்கு ஒன்று. பிரான்சு நாட்டு நகர்களுக்கும் பாகூர்க்கும் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆயினும் அங்கே இருந்ததுபோலவே இங்கும் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், ஒரு மேயரும், ஒரு பதிவேடும் இருந்தன. சாலை, விளக்கு, சந்தை, சுடுகாடு என்று பல அலுவல்கள் கொம்யூனுக்கு உண்டு. ஆனால் எளியவனுக்கு அதன் முகம் அந்தப் பதிவேடுதான். பிறப்பு, திருமணம், இறப்பு என்னும் மூன்றையும் மேயரின் பெயரால் அங்கே எழுதினர்.

பாகூர் சிறிய ஊர் எனினும் பழைமையானது. அங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள் கல்விக் கூடமொன்றுக்கு அளிக்கப்பட்ட கிராமங்களைக் குறிக்கின்றன. ஊருக்கு அருகே பரந்த ஏரியொன்று இருக்கிறது. என் தாத்தா அந்த ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் உழைத்தவர். அவர்க்கென்று ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவேடுகளைப் பொறுப்பில் வைத்திருந்த ஊழியர் நடுத்தர வயதினர், பொறுமையுள்ளவர். அம்மாவின் பிறந்த ஆண்டையும் தாத்தாவின் பெயரையும் கேட்டுக்கொண்டு உள்ளே சென்றவர், அரை மணி நேரத்துக்குப்பின், தோல் முதுகு உதிர்ந்துபோன ஒரு பெரிய புத்தகத்தைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி வந்தார். "பார்த்துத் தொடுங்க ஐயா, ஓரம் பொடிஞ்சிரும்" என்றார்.

பக்கம் முழுவதும் பிரெஞ்சு எழுத்து. எனக்கு அம்மொழி தெரியாது. அவர்க்குப் பேசத் தெரியாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் அந்தப் புத்தகங்களோடு பழகியதால் பதிவின் வாசகம் மனப்பாடம். விரலை வரிக்கு மேலே காற்றில் நகர்த்தியபடி எனக்குப் பொருள் சொன்னார். இந்த ஆண்டு, இந்த மாதம், இந்த நாள், காலை பத்து மணிக்கு, மேயராகிய நம் முன்பாக இன்னார் வந்தார், வயது இருபத்தெட்டு, தொழில் விவசாயக் கூலி, தம் மனைவி இன்னாள், நேற்று இரவு இத்தனை மணிக்கு, தம் வீட்டில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள் என்றும், அதற்கு இந்தப் பெயரை இட்டிருப்பதாகவும் அறிவித்தார். பின்னர் இரு சாட்சிகளின் பெயர், வயது, தொழில். கடைசியில் ஒரு வாசகம்: அறிவித்தவர் தமக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று கூறினார்.

பிரியமானவர்களே, அந்தப் பக்கத்தின் முன் நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். என் தாத்தாவை நான் கண்டதில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. பண்ணையார் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்களோ, "டேய்" என்றார்களோ, யாரறிவார்? ஆனால் இந்த ஒரு பக்கத்தில் அவர் முழுப் பெயரோடும் வயதோடும் தொழிலோடும் நிற்கிறார். காலை பத்து மணிக்கு, கூலி வேலையை விட்டுவிட்டு, மேல்துண்டைக் கையில் பிடித்தபடி வந்து, தமக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள் என்று அரசாங்கத்தினிடம் அறிவிக்கிறார். மேயரும் அதை எழுதிக்கொள்கிறார்.

நகல் எழுதும்பொருட்டு ஊழியர் வேறொரு புத்தகத்தையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அதைப் புரட்டியவர், "உங்க தாத்தா பேரு இங்கயும் வருதே" என்றார். அம்மாவுக்கு மூன்று ஆண்டு முன்பு பிறந்த ஒரு பெண் குழந்தையின் பதிவு அது. அதே தகப்பன், அதே தாய், அதே வாசகம். அம்மாவுக்கு ஒரு தமக்கை இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. இறப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தோம். குழந்தை ஒன்பது நாள் வாழ்ந்திருக்கிறது. ஒன்பதாம் நாளுக்கு மறுநாள் தாத்தா மறுபடியும் அதே அலுவலகத்துக்கு வந்து, அதே மேசையின் முன் நின்று, மறுபடியும் தமக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று கூறியிருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை இனிக் கேட்க இயலாது. பாட்டி சொல்லாமலே போயிருக்கலாம். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக அந்தக் குழந்தையின் பெயரை உச்சரித்தவர் ஒருவருமில்லை. புத்தகம் மட்டும் மறக்கவில்லை. அப்பெயரை இங்கே நான் எழுதவில்லை. எங்கள் குடும்ப ஜெபத்தில் அதை இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

இவ்வளவு சொன்னதால் பிரெஞ்சு ஆட்சியைப் போற்றுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். பிறப்பையும் இறப்பையும் சமமாய் எழுதிய அதே அரசு, வாக்காளர் பெயரை எழுதும்போது சமமாய் எழுதவில்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியல்களாக்கினார்கள். ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தோரும் ஒன்று; பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர் ஒன்று; மற்ற இந்தியர் யாவரும் ஒன்று. சொற்பமான ஐரோப்பியரின் பட்டியலும், ஆயிரமாயிரமான மற்றவர்களின் பட்டியலும் ஒரு தட்டில் வைக்கப்பட்டன. 1899இல் பட்டியல் இரண்டாகக் குறைந்தது, பாகுபாடு குறையவில்லை. எல்லார்க்கும் ஒரே பட்டியல் என்பது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகே வந்தது. தேர்தல் நாட்களில் அடியாட்களின் ஆட்சிதான் நடந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

அந்த இரண்டாம் பட்டியலாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்; அவர்களில் பலர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள். 1881இல் வந்த ஆணையின்படி, ஓர் இந்தியர் தம் சாதி வழக்கங்களைச் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் இவ்வழியைப் பெரிதும் நாடினர். அவர்களுள் முன்னோடியானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பியர் அணிவது போன்ற காலணியோடு நீதிமன்றத்துக்குள் சென்றதற்காகத் தடுக்கப்பட்டார். உள்நாட்டார் அப்படி வரலாகாது என்பது அந்நாள் வழக்கம். அவர் வழக்கைப் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்று வென்றார். பின்னர் தனிச் சட்டத்தைத் துறந்தபோது அவர் ஏற்ற குடும்பப் பெயர் லாபோர்த். 'வாசல்' என்பது அதன் பொருள். நம் ஆண்டவர் தம்மை எதற்கு ஒப்பிட்டார் என்பதை அறிந்த உங்களுக்கு அப்பெயரின் அழகை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசல் வழியே நுழைந்தவர்களையும் ஐரோப்பியர் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவில்லை. தனிப் பட்டியலில்தான் வைத்தார்கள். இதையும் மறக்கலாகாது.

சிறிய கொம்யூன்களுக்கு வரலாற்றில் ஒரு பெரிய வேளை வாய்த்தது. இந்தியா விடுதலை பெற்றபின், பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை யார் தீர்மானிப்பது என்னும் கேள்வி எழுந்தது. 1948 ஜூனில் இரு அரசுகளும் செய்த உடன்பாட்டில் நகராட்சி மன்றங்களுக்கு அதில் இடமளிக்கப்பட்டது. பல தடைகளுக்கும் பூசல்களுக்கும் பின், 1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூராகிய கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். சட்டமன்ற உறுப்பினரும் நகராட்சி மன்ற உறுப்பினருமாக 178 பேர் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர். எதிராக 8 பேர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஒரு நாட்டோடு ஒரு மக்கள் இணைந்தது, சந்தைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பாயிருந்த சிறிய மனிதர்களின் வாக்கினால். பாகூர்க்காரர்களும் அவர்களுள் இருந்தனர் என்று அம்மா சொல்லும்போது, தாமே வாக்களித்தவர்போல் நிமிர்ந்து உட்காருவார். அவர் அப்போது பாவாடை தாவணி அணிந்த பெண்.

சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல்தான் நிறைவேறியது. அதன்பின் ஆறு மாதத்துக்குள், விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளலாம் என்று உடன்படிக்கை இடமளித்தது. பல குடும்பங்கள் அப்போது இரண்டாய்ப் பிரிந்தன. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அங்கே அவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் பிரான்சைத் தெரிந்துகொண்டார். தம்பி இந்தியாவைத் தெரிந்துகொண்டார். ஒரே கொம்யூனில், ஒரே பதிவேட்டில், இரண்டு பக்கம் தள்ளிப் பதிவான இருவர்.

இப்போது கொம்யூன்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். 1973இன் சட்டங்களால் அவை நகராட்சிகளாகவும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் மாற்றியமைக்கப்பட்டன. இன்று ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. ஆனால் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப்பின் அடுத்த தேர்தல் நடந்தது 2006இல். அதுவும் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டினால். அவர்களும் 2011இல் பதவிக்காலம் முடிந்து சென்றனர். பின்னர் நெடுங்காலம் மீண்டும் அதிகாரிகளின் நிர்வாகமே. ஒரு நாட்டோடு இணைவதைத் தீர்மானித்த மன்றங்களின் நாற்காலிகள் காலியாய்க் கிடந்தன. நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. 1688இல் தோன்றிய நம் சென்னை மாநகராட்சிக்கே 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அக்காலத்தில் பெசன்ட் நகரில் நம் தெருவில் விளக்கு எரியாதபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் வந்து சொன்னவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஜெபிக்கத்தான் என்னால் முடிந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன், நம் கடற்கரையோரக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, நம் சபையார் ஒருவர் வீட்டில் வேலை செய்துவந்தார். கணவர் மீன்பிடித் தொழிலில் இருந்தார். அவர் எப்போதாவது நம் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வார். அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, இருதயக் கோளாறு என்று மருத்துவமனையில் இருந்தது. ஓரிரவு எனக்கு அழைப்பு வந்தது. போனேன். குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தேன். தாயும், ஒரு செவிலியரும், நானும் மட்டும் இருந்தோம். பெயரையும் தேதியையும் ஒரு சிறு தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்குப்பின் குழந்தை இறந்தது.

அந்தத் தாள் சபைப் பதிவேட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்தில் எழுதச் சொன்னபோது, "எந்தக் குடும்ப எண்ணின்கீழ் எழுதுவது, ஐயா? அவர்கள் சந்தா கட்டும் பட்டியலில் இல்லையே" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. விதிகள் உள்ளன. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். ஒரு போதகனின் வாழ்வில் மிக எளிதாய் வாயில் வரும் சொற்கள் அவை. பிறகு நான் பார்க்கவில்லை. தாள் எங்கே போனதென்று தெரியாது.

நான்கு ஆண்டு கழித்து அந்தச் சகோதரி என்னிடம் வந்தார். "ஐயா, எம் பிள்ளைக்கு நீங்க ஞானஸ்நானம் குடுத்தீங்களே, அதுக்கு ஒரு சீட்டு குடுப்பீங்களா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். பள்ளிக்கோ அரசாங்கத்துக்கோ அது தேவையில்லையே! "ஒண்ணுக்கும் இல்லீங்க. வெச்சுக்கத்தான்" என்றார். அலுவலகத்தில் தேடச் சொன்னேன். பதிவு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தேடச் சொன்னேன். இல்லையென்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. "பரவால்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் நம் ஆலயத்துக்கு வந்ததாக நினைவில்லை.

பாகூரில் அந்தப் புத்தகத்தின் முன் அமர்ந்திருந்தபோது என் கண்முன் நின்றவர் அவர்தாம். என் தாத்தா கூலிக்காரர். வரி செலுத்தும் அளவுக்கு உடைமை இல்லாதவர். வாக்காளர் பட்டியலில் அவர் எந்த இடத்தில் நின்றாரோ தெரியாது. ஒன்பது நாள் வாழ்ந்த அவருடைய மகளை, அந்நிய நாட்டின் பெயரால் ஆண்ட ஒரு மேயர், மறுக்காமல் எழுதினார். கர்த்தருடைய நாமத்தினால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையை, கர்த்தருடைய சபையின் புத்தகத்தில் நான் எழுதவில்லை. காரணம், பெற்றோர் சந்தாப் பட்டியலில் இல்லை. பிரெஞ்சுக்காரர் வைத்த மூன்று பட்டியல்களைப் பற்றி மேலே எழுதும்போது என் பேனா சற்றே கடுமையாயிற்று. நம் சபையில் எத்தனை பட்டியல்கள் உள்ளன என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். சந்தா கட்டி வாக்களிப்போர் ஒரு பட்டியல். சபையில் இருந்தும் வாக்கில்லாதோர் ஒன்று. கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து வேலைக்குப் போய்விடுவோர் ஒன்று. அவர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

லூக்கா தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒரு குடிமதிப்போடு தொடங்குகிறார். நாம் அதைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒரு கட்டியக்காரனின் அறிவிப்பாய்க் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். தொலைவிலுள்ள ஓர் இராயன் தன் வரிக்காக இட்ட கட்டளை அது. அதில் அன்பு ஏதுமில்லை. ஆயினும் யோசேப்பு, நிறைமாதக் கர்ப்பிணியோடு, பெயர் எழுத நடந்துபோனார். யூதாவின் ஊர்களில் மிகச் சிறியதாய் எண்ணப்பட்ட பெத்லகேமுக்கு, அதாவது ஒரு பாகூருக்கு, அவர் போனார். தேவகுமாரன் பிறக்குமுன்பே ஒரு பதிவேட்டின் வரிசையில் நின்றார் என்றுகூடச் சொல்லலாம். பின்னாளில் அவர் தம் சீஷர்களிடம், ஆவிகள் தங்களுக்குக் கீழ்ப்படிவதைக் குறித்தல்ல, தங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்தே மகிழவேண்டும் என்றார். பரலோகப் புத்தகத்தில் அக்குழந்தையின் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஏழு ஆண்டுகளாக அந்த நம்பிக்கையைச் சொல்லியே என் மனச்சாட்சியைத் தூங்க வைத்தேன். ஆண்டவர் அங்கே எழுதியிருப்பார், ஆகவே நான் இங்கே எழுதாதது பாதகமில்லை என்பது எவ்வளவு வசதியான வேத வியாக்கியானம்!

பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பதிவு விடுபட்டுப்போன ஒருவரின் பிறப்பை, சாட்சிகளை விசாரித்து, நீதிமன்றத்தின் தீர்ப்பின் மூலம் பின்னர் புத்தகத்தில் ஏற்றலாம். பாகூர் ஊழியர் அத்தகைய பதிவுகள் சிலவற்றையும் எனக்குக் காட்டினார். பக்க ஓரத்தில், வேறு மையில், நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அழகாக இல்லை. ஆனால் இருந்தன.

ஊர் திரும்பியதும் சேகரக் குழுவினிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பதினோர் ஆண்டு பிந்திய பதிவை ஏற்க ஒரு தீர்மானம் வேண்டும் என்றேன். முறை குறித்துச் சில கேள்விகள் எழுந்தன. ஒருவர், இது தவறான முன்மாதிரியாகும் என்றார். மற்றொருவர், மூத்த அங்கத்தினர், "ஐயா தவறு ஐயாவோடது. அந்தப் பிள்ளைக்கு எதுக்கு தண்டனை?" என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. அந்தச் செவிலியர் இப்போது வேறு ஊரில் பணியாற்றுகிறார், தேடிக் கண்டுபிடித்தோம், நினைவிருக்கிறது என்று சாட்சிக் கடிதம் அனுப்பினார்.

குப்பத்துக்கு நான் தனியாகப் போனேன். அவர் வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க ஐயா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செய்ததையும் செய்யாததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் பேசாதிருந்தார். பின், "அன்னைக்கு நீங்க தேடச் சொன்னப்பவே எனக்குத் தெரியுங்க ஐயா" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப்பின் அவர் கணவரோடு அலுவலகத்துக்கு வந்தார். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்; யார், எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்று நான் சரியாக விடையளிக்கவில்லை. இதுவே விடை. பதிவேட்டை நானே திறந்து, நானே எழுதினேன். குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்றோர் பெயர், தகப்பன் தொழில் மீனவர், தாயின் தொழில் வீட்டுவேலை. ஓரத்தில், பிந்திய பதிவுக்குக் காரணம் 'போதகரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார், படித்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாய், மிக மெதுவாய் எழுதினார். புத்தகத்தை மூடப் போன என்னைத் தடுத்து, "மை காயட்டுங்க ஐயா" என்றார்.